நகரத்துக்குச் சொந்தமான வளையங்கள்

மார்லிஸ் டீட்ஸ் புதையலுக்காக மெட்டல் டிடெக்டர் வாங்கவில்லை. ஹெட்ஃபோனுக்காக வாங்கினாள்.

ஆல்டர் ஃபால்ஸ் தொடக்கப்பள்ளியின் சமையலறையில் முப்பது வருடம் வேலை பார்த்தவள். தட்டுகளின் சத்தம், பாத்திரம் கழுவும் இயந்திரத்தின் சத்தம், மக்ரோனி போதவில்லை என்று கத்தும் பிள்ளைகளின் சத்தம். அதைப் பற்றி அவளுக்குப் புகார் கிடையாது. அது வேலை. வீட்டில் கார்டி இருந்தான். கார்டி ஆயுள் காப்பீடு விற்றவன். பேச்சுதான் தொழில். வேலையில் இருந்தவரை ஊருக்குப் பேசியதுபோக மிச்சத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தான். ஓய்வு பெற்றதும் மொத்தமும் வீட்டுக்கே வந்து சேர்ந்தது. காலையில் பல் துலக்கும்போதே தொடங்கிவிடுவான், வாயில் நுரையோடு. அவன் கெட்டவன் இல்லை. கெட்டவனாக இருந்திருந்தால் விட்டுவிட்டுப் போயிருக்கலாம் என்று மார்லிஸ் சொல்வாள்.

ஒரு வசந்தகாலக் காலையில் வாஸ் பூங்காவில் நான் கருவியை இடமும் வலமுமாக வீசிக்கொண்டு நடந்தபோது எனக்கு எதிரில் வந்து நின்றாள். நான் ஒரு காதிலிருந்து ஹெட்ஃபோனைத் தூக்கினேன்.

"வெண்டெல், அதைப் போட்டுட்டிருந்தா யாராவது உன்கிட்ட பேசுவாங்களா?"

"பேசினாலும் கேக்காது."

"திமிர் பிடிச்சவன்னு நினைக்க மாட்டாங்களா?"

"வேலையா இருக்கான்னு நினைப்பாங்க."

 கீழே என்ன கிடைக்கும், எவ்வளவு கிடைக்கும் என்று எல்லோரும் கேட்பார்கள். அவள் கேட்கவில்லை.

"எங்க வாங்கினே?" என்றாள்.

இந்தக் கருவி வைத்திருப்பவர்களுக்கு ஊரில் ஒரு கிளப் இருக்கிறது. அங்கே ஒரு மரியாதை உண்டு. ஹெட்ஃபோன் போட்டிருப்பவரைப் பின்னாலிருந்து தொடக் கூடாது. முன்னால் வந்து, தள்ளி நின்று, கையைத் தூக்க வேண்டும். அவராகப் பார்த்தால் பேசலாம். பார்க்காவிட்டால் போய்விட வேண்டும். உலகத்தில் இப்படியொரு ஏற்பாடு இருப்பது தெரியாமல் நாற்பது வருடம் குடும்பம் நடத்திவிட்டோமே என்று மார்லிஸ் முதல் கூட்டத்தில் சொன்னாள். பௌலிங் கூடத்தின் பின்னறையில் அன்று நிறைய பேர் சிரித்தார்கள். கார்டியைத் தெரிந்தவர்கள் சிரிக்கவில்லை, தலையை ஆட்டினார்கள்.

பூங்காவில் கருவி வைத்துத் தேட நகரத்தின் அனுமதி வேண்டும். மஞ்சள் அட்டை. ஒவ்வொரு வசந்தத்திலும் பூங்கா அலுவலக ஜன்னலில் வாங்கி, கழுத்தில் தொங்கவிட்டுக்கொள்ள வேண்டும். பின்பக்கத்தில் விதிகள். சூரியன் இருக்கும்போது மட்டும். இரண்டு விரல் அகலத்துக்கு மேற்பட்ட கருவியால் தோண்டக் கூடாது. சாஃப்ட்பால் மைதானத்தின் உள்வட்டத்தில் கால் வைக்கக் கூடாது. மரத்தின் நிழல் விழும் இடத்தில் வேரைக் கிளறக் கூடாது. எடுத்த குழியை மூட வேண்டும். எங்களில் பலர் இவற்றைப் படித்ததே இல்லை. மார்லிஸ் மனப்பாடமாக வைத்திருந்தாள். மூன்று பக்கம் வெட்டி, நான்காவது பக்கத்தைப் புல்லோடு விட்டு, கதவைத் திறப்பதுபோல் மண்ணை மடிப்பாள். உள்ளே எடுக்கும் மண்ணைத் துணியில் கொட்டுவாள். பிறகு எல்லாவற்றையும் திருப்பி வைத்து, மிதித்து, பாட்டிலிலிருந்து தண்ணீர் ஊற்றுவாள். மறுநாள் அவளாலேயே அந்த இடத்தைக் கண்டுபிடிக்க முடியாது. பள்ளிக்கூடத்தில் கேக் வெட்டிய கை.

வருடக்கணக்கில் அவளுக்கு உருப்படியாக எதுவும் கிடைக்கவில்லை. ஒருமுறை தங்கம் கட்டிய மூன்று பற்கள் கிடைத்தன. எங்கள் ஊர்ப் பல் மருத்துவர் லோவெல் ஹௌகனிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள். அவர் ஒரு பார்வை பார்த்தார்.

"இது ஹெர்ப் க்ரூகரோடது. நான்தான் கட்டினேன்."

"ஹெர்ப் செத்து எட்டு வருஷம் ஆச்சே."

"அதனாலதான் திரும்பக் கேட்டு வரல."

அவள் கவலைப்படவில்லை. பற்கள் வந்தாலும் ஆணி வந்தாலும் அவளுக்கு ஒன்றுதான். காலை எட்டு மணிக்கு ஹெட்ஃபோனைப் போட்டால் மதியம்வரை காதில் லேசான முணுமுணுப்பு, எப்போதாவது ஒரு கீச்சொலி. யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள். மதியம் வீட்டுக்குப் போகும்போது சிரித்த முகமாகப் போவாள். கார்டியிடம், "சொல்லு, என்னாச்சு?" என்று அவளே கேட்பாள். அந்த மஞ்சள் அட்டை இல்லாவிட்டால் தன் குடித்தனம் என்றைக்கோ முறிந்திருக்கும் என்று என்னிடம் ஒருமுறை சொன்னாள். வேடிக்கையாகச் சொல்லவில்லை.

எல்லாவற்றையும் கெடுத்தது ஒரு ஸ்கங்க்.

பூனை அளவில் இருந்து, மிரண்டால் நாற்றத்தைப் பீய்ச்சும் அந்த விலங்குக்குப் புல்லுக்கடியில் இருக்கும் வெள்ளைப் புழு பிடிக்கும். மூக்கால் மண்ணைக் குடைந்து புழுவைத் தின்றுவிட்டுப் போகும். குழியை மூடாது. ஜூலை நான்காம் தேதி சாஃப்ட்பால் ஆட்டத்துக்கு முன்தினம் வெளிமைதானம் முழுக்க அம்மைத் தழும்புபோல் குழிகள். மறுநாள் பந்தைப் பிடிக்க ஓடிய வங்கி மேலாளர் அதில் ஒன்றில் கால் வைத்து, கணுக்கால் பிசகி விழுந்தார். அவரைத் தூக்கிக்கொண்டு போனார்கள். போகும்போது அவர் சொன்ன சொற்களைப் பிள்ளைகள் இன்றும் சொல்லித் திரிகிறார்கள்.

பூங்காக்களின் கண்காணிப்பாளன் கர்ட் ஓல்மன் எங்களைத்தான் சந்தேகப்பட்டான். மார்லிஸ் அவனைக் குழிகளின் அருகே அழைத்துப்போனாள்.

"நல்லா மோந்து பாரு."

"வேணாம், மார்லிஸ்."

"எங்க கிளப்புல எவனும் இவ்வளவு நாத்தம் அடிக்க மாட்டான். வெண்டெல்கூட."

"ஸ்கங்க் வந்ததை யாரும் பாக்கல. உங்களைத்தான் எல்லாரும் பாக்கறாங்க."

"நான் தோண்டினா இப்படியா இருக்கும்? ஸ்கூல்ல உனக்கு அஞ்சு வருஷம் சாப்பாடு போட்டிருக்கேன். என்னிக்காவது தட்டுக்கு வெளியில சிந்தியிருக்கேனா?"

"அது வேற விஷயம்."

"பீன்ஸைச் சாப்பிடாம பாக்கெட்ல போட்டுட்டுப் போனவன்தானே நீ. உனக்குப் புழு திங்கறவங்களைப் பத்தி என்ன தெரியும்?"

கர்ட் காது சிவந்து போய்விட்டான்.

அவனால் எங்களை முழுக்கத் தடை செய்ய முடியவில்லை. பூங்காக்களை நடத்தும் வாரியத்துக்குப் பல் மருத்துவர் லோவெல்தான் தலைவர். அவருடைய மனைவி எங்கள் கிளப்பில் இருந்தாள். எனவே கர்ட் சுற்றுவழி பிடித்தான். தெற்கே ஏதோ ஒரு பெரிய ஊரின் சட்டத்திலிருந்து ஒரு பத்தியை அப்படியே எடுத்து எங்கள் விதிகளில் சேர்த்து, அட்டைகளைப் புதிதாக அச்சடித்துக் கொடுத்தான். ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் பழமையான எந்தப் பொருளும் நகரத்துக்குச் சொந்தம். கண்டெடுத்தவர் அன்றே இடத்தைக் குறித்துக் கொடுத்து ஒப்படைக்க வேண்டும். மறைத்தாலோ அழித்தாலோ அனுமதி ரத்து, மறுபடி கிடையாது. அந்த ஊரில் பழைய போர்க்களம் இருந்தது. பீரங்கிக் குண்டு, சிப்பாயின் இடுப்புப் பட்டை என்று கிடைக்கும் இடம். எங்கள் ஊரில் எந்தப் போரும் நடந்ததில்லை. மீன் வறுவல் எந்த மதுக்கூடத்தில் நன்றாக இருக்கும் என்ற சண்டை மட்டும் வெள்ளிக்கிழமைதோறும் நடக்கும்.

எங்கள் கிளப் கொதித்தது. வெள்ளிக் காசு கிடைத்தால் கொடுத்துவிட வேண்டுமா? பாதிப்பேர் அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றார்கள். கர்ட் விரும்பியதும் அதுதான். மார்லிஸ் மூலையில் உட்கார்ந்து அட்டையின் பின்பக்கத்தை இரண்டு முறை படித்தாள்.

"எந்தப் பொருளும்னு போட்டிருக்கு" என்றாள்.

"ஆமா. அதுக்கென்ன?"

"மதிப்புள்ளதுன்னு போடல."

பூங்காவில் கருவி வீசும் ஒவ்வொருவரும் சபிக்கும் ஒரு பொருள் உண்டு. அந்தக் காலத்துப் பீர் டின்னின் மூடியைக் கிழித்துத் திறக்கும் அலுமினிய வளையம். பின்னால் நாக்குபோல ஒரு தகடு இருக்கும். இழுத்துக் கிழித்து, எங்கே நிற்கிறார்களோ அங்கேயே எறிவார்கள். எங்கள் அப்பன்மார் இரண்டு தலைமுறைத் தாகத்தை வாஸ் பூங்காவில்தான் தீர்த்திருக்கிறார்கள். கருவியில் அது தங்க மோதிரம்போலவே ஒலிக்கும். மண்டியிட்டு, வெட்டி, மடித்து, தோண்டினால் வளையம். எடுத்து இடுப்புப் பையில் போட்டு, போகும்போது குப்பைத் தொட்டியில் கொட்டிவிட்டுப் போவோம். குப்பையைத் திருப்பி மண்ணில் போடக் கூடாது என்பது எங்கள் கிளப்பின் முதல் ஒழுக்கம். புதிதாக வருகிறவனுக்கு நாங்கள் முதலில் காட்டுவது தொட்டி எங்கே இருக்கிறது என்பதைத்தான்.

மறுநாள் மார்லிஸ் பூங்கா அலுவலக ஜன்னலில் ஒரு வளையத்தை வைத்தாள். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் ரோண்டா. பதினெட்டு வருடமாக அங்கே உட்கார்ந்து கூடார வாடகை, நீச்சல்குளச் சீட்டு எழுதுகிறவள்.

"இது என்ன?"

"ஐம்பது வருஷத்துக்கு மேல ஆன பொருள். குதிரைலாடம் எறிஞ்சு ஆடற இடத்துக்கு மேற்கே, ஒரு சாண் ஆழம்."

"மார்லிஸ், இது குப்பை."

"நகரத்தோட குப்பை. எனக்கு ரசீது வேணும்."

"இதுக்கு வயசு என்னன்னு எப்படித் தெரியும்?"

"இந்த மாதிரி மூடி இப்ப கிடையாதும்மா. நீயே பாரு, கிழிஞ்சு தனியா வர்ற டின்னு கடைசியா எப்ப குடிச்சே?"

"அப்ப நான் பிறக்கவே இல்லை."

"அதான் சொல்றேன்."

ரோண்டா உள்ளே போய்க் கர்ட்டிடம் கேட்டாள். கர்ட் வெளியே வந்து வளையத்தைப் பார்த்தான், மார்லிஸைப் பார்த்தான்.

"விளையாடறீங்களா?"

"நான் விளையாடினா அட்டை போயிடும், தம்பி. நீதான் எழுதியிருக்கே."

"விதியோட நோக்கம் அது இல்ல."

"நோக்கத்தை அட்டையில அச்சடிக்கல. ஐம்பது வருஷத்துக்கு மேல ஆனது பூங்காவுல இருந்தா உங்களுக்குச் சொந்தம்னுதான் போட்டிருக்கு. நானும் ஐம்பது தாண்டித்தான் பூங்காவுல நிக்கறேன். என்னையும் அலமாரியில வைக்கணும்னா சொல்லு, வந்துடறேன். கார்டிகிட்ட நீயே பேசிக்க."

கர்ட் ரசீது எழுதச் சொன்னான்.

அடுத்த வாரத்துக்குள் மொத்தக் கிளப்பும் ஜன்னலில் வரிசையில் நின்றது. வளையங்கள், கார்க் ஒட்டிய பாட்டில் மூடிகள், துருப்பிடித்த வேலி ஆணிகள், மத்தி மீன் டப்பாவின் சாவி, பாதி கத்தரிக்கோல். ஒவ்வொன்றுக்கும் இடம், ஆழம், ரசீது. ரோண்டா காப்பிப்பொடி டின்களில் போட்டு அடுக்கினாள். நகரத்தின் சொத்தை வாரியத்தின் தீர்மானம் இல்லாமல் தூக்கியெறிய முடியாது. டின்கள் அலமாரியை நிரப்பி, கர்ட்டின் அறைக்குள் புகுந்து, ஈஸ்டருக்குப் பிள்ளைகளுக்காகப் போடும் முயல் உடுப்பு வைத்திருந்த பெட்டியின் மேல் ஏறின. முயலின் ஒரு காது மடங்கிப்போயிற்று. மாதக் கூட்டத்தில் வாரியம் எல்லாவற்றையும் முறைப்படி ஏற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. லோவெல் சத்தமாகப் படித்தார். "வளையம். வளையம். வளையம், வளைந்தது. ஆணி. வளையம்." உறுப்பினர் பெர்னிஸ் தூங்கிவிட்டாள். ஆகஸ்ட் கடைசியில் லோவெல் கர்ட்டைத் தனியாக அழைத்து, இந்தப் பத்தியை அடுத்த கூட்டத்தில் எடுத்துவிடலாம் என்றார். கர்ட் ஒத்துக்கொண்டான். அவனும் மனிதன்தானே. அவனுடைய நாற்காலியைப் பின்னால் தள்ளக்கூட இடம் இல்லாமல் போயிருந்தது.

ஆனால் ஒரு கை பார்க்காமல் விட அவனுக்கு மனம் வரவில்லை. விதி உயிரோடிருந்த அந்தச் சில வாரங்களில், காலையில் பூங்காவின் ஓரத்தில் வண்டியை நிறுத்திக்கொண்டு எங்களைப் பார்த்துக்கொண்டிருப்பான். சாண்ட்விச் தின்பான். பைனாகுலரும் இருந்தது. பறவை பார்ப்பதாகச் சொன்னான்.

அந்த வாரங்களில் ஒரு செவ்வாய்க்கிழமை கார்டி பூங்காவுக்கு வந்தான்.

அவன் அதுவரை வந்ததில்லை. காலையில் அவளுக்கு ஏதோ வேலை இருக்கிறது என்று மட்டும் அவனுக்குத் தெரியும். அன்று அவனுடைய ஒன்றுவிட்ட தம்பி டுவைட்டுக்குப் பித்தப்பை அறுவை நடந்திருந்தது. செய்தி மதியம்வரை தாங்காது. தெர்மாஸில் காப்பி எடுத்துக்கொண்டு, அவள் எங்கே என்று வழியெல்லாம் விசாரித்து வந்துவிட்டான். எங்கள் மரியாதை அவனுக்குத் தெரியாது. மார்லிஸ் மண்டியிட்டு, மண்ணிலிருந்து எதையோ எடுத்துக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து தோளைத் தட்டினான். அவள் துள்ளி விழுந்தாள். ஹெட்ஃபோன் கழுத்துக்கு இறங்கியது.

"டுவைட்டுக்கு எடுத்துட்டாங்க. முட்டை சைசுல கல்லு. கோழி முட்டை இல்ல, வாத்து முட்டை."

"கார்டி, நான் வேலையா இருக்கேன்."

"நீ பாட்டுக்குப் பாரு. நான் சும்மா நிக்கறேன். டாக்டர் என்ன சொன்னாருன்னா, இவ்வளவு பெரிசா அவரு பாத்ததே இல்லையாம். டுவைட் அதை ஜாடியில போட்டுக் குடுங்கன்னு கேட்டிருக்கான். குடுக்க மாட்டேன்னுட்டாங்க. ஏன்னு கேளு."

"ஏன்?"

அவள் அதைக் கேட்டிருக்கக் கூடாது. நான் முப்பதடி தள்ளி இருந்தேன். ஹெட்ஃபோன் போட்டிருந்தும் அவன் குரல் எனக்குக் கேட்டது. பித்தப்பையிலிருந்து கல்லீரலுக்குப் போய், கல்லீரலிலிருந்து டுவைட்டின் முதல் மனைவிக்குப் போனான். மார்லிஸின் முகம் எனக்குத் தெரிந்தது. பல வருடங்களாக அந்த இடத்தில் அந்த நேரத்தில் அந்த முகத்தை நான் பார்த்ததில்லை. குழியை மூடினாள். மிதித்தாள். தண்ணீர் ஊற்றினாள். கையிலிருந்ததை இடுப்புப் பையில் போட்டு, தொட்டியை நோக்கி நடந்தாள். கார்டி கூடவே நடந்தான். பேச்சு நிற்க வேண்டுமென்றால் வீட்டுக்குப் போய்விட வேண்டும். வீட்டுக்குப் போவதென்றால் பையைக் காலி செய்ய வேண்டும். கை பழக்கத்தில் பையைத் தொட்டியில் கவிழ்த்தது.

கர்ட் சாண்ட்விச்சைக் கீழே வைத்தான்.

அவர்கள் போனபிறகு அவன் தொட்டிக்குள் தலையை விட்டு இடுப்புவரை கவிழ்ந்து தேடியதை நானும் இரண்டு தாய்மார்களும் ஒரு நாயும் பார்த்தோம். தலையில் வாழைப்பழத் தோலோடு வெளியே வந்தான். கையில் ஒரு சிறு அலுமினியத் தகடு.

வாரியத்தின் செப்டம்பர் கூட்டம் தீயணைப்பு நிலையத்தின் மாடியில். நிகழ்ச்சிநிரலில் நான்காவது மார்லிஸின் அனுமதி ரத்து. ஐந்தாவது ஐம்பது வருட விதியை நீக்குவது. லோவெல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஐந்தை முதல்ல எடுத்துக்கிட்டா நான்குக்கு வேலையே இருக்காது. யாருக்காவது ஆட்சேபணை?"

"வரிசை முன்கூட்டியே ஒட்டியாச்சு. மாத்த முடியாது" என்றான் கர்ட்.

"மாத்தலாம், வாரியம் நினைச்சா."

"ஒட்டின வரிசைப்படி போங்க, லோவெல்" என்றாள் மார்லிஸ். "அதுதான் முறை."

பின்வரிசையில் உட்கார்ந்திருந்த நாங்கள் தலையில் கை வைத்துக்கொண்டோம்.

பொதுமக்கள் பேச ஆளுக்கு மூன்று நிமிடம். ரோண்டாவிடம் கோழி வடிவத்தில் ஒரு சமையலறைக் கடிகாரம் இருந்தது, திருகி வைத்த நேரம் முடிந்தால் கூவும். கார்டி எழுந்தான். தப்பு தன்னுடையது என்று சொல்ல வந்தவன், டுவைட்டிலிருந்து தொடங்கினான். கல்லீரல் வரும்போதே கோழி கூவிவிட்டது.

"நான்தான் பேசி அவ கவனத்தைக் கெடுத்தேன்னு சொல்ல வந்தேன்."

"அது எங்களுக்குத் தெரியும், கார்டி. உக்காரு" என்றார் லோவெல்.

கர்ட் ஒரு பிளாஸ்டிக் உறையை மேசையில் வைத்தான். லோவெல் உறையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். சுண்டுவிரல் அளவு தகடு. பெர்னிஸும் பார்த்தாள்.

"இது ஐம்பது வருஷத்துக்கு மேல ஆனதுன்னு எப்படிச் சொல்றே, கர்ட்?"

"அவங்க கொண்டுவந்து குடுத்ததெல்லாம் இதே மாதிரிதானே."

"இதே மாதிரி இல்ல. அதுலெல்லாம் வளையம் இருந்துச்சு. நான்தான் ஒவ்வொண்ணா படிச்சேன், எனக்குக் கனவுலகூட வருது. இதுல வளையமே இல்லையே."

கர்ட் தடுமாறினான். "உடைஞ்சிருக்கலாம்."

"இல்ல, புல்வெட்டி மெஷின்லேர்ந்து விழுந்த துண்டா இருக்கலாம்" என்றாள் பெர்னிஸ்.

"அதுவும் இருக்கலாம்" என்றான் கர்ட். 

லோவெலின் முகம் மலர்ந்தது. "அப்ப இது போன வாரம் விழுந்ததாகூட இருக்கலாம். என் பேரன் குடிக்கற சோடாவோட மூடியா இருக்கலாம். வயசு நிரூபிக்க முடியல. மார்லிஸ், நீ எதுவும் சொல்ல வேண்டாம். நான் இதைத் தள்ளுபடி பண்றேன்னு..."

மார்லிஸ் வாயை இறுக்கி மூடிக்கொண்டிருந்தாள். கழுத்து நரம்பு தெரிந்தது. பக்கத்தில் கார்டி அவள் முழங்கையைப் பிடித்திருந்தான். வாழ்க்கையில் முதல்முறையாக அவன் பேசாமல் இருந்தான், அவளையும் பேசாதே என்று கையால் காட்டினான். 

"சோடா மூடியா?" என்றாள் மார்லிஸ்.

"மார்லிஸ்" என்றேன் நான்.

"புல்வெட்டி மெஷினா? லோவெல், நீ பல்லு பாக்கறவன்தானே? ஹெர்ப் பல்லை ஒரு பார்வையில சொன்னே. இதை நல்லா பாரு. உடைஞ்ச இடம் எங்க இருக்கு? ஓரமெல்லாம் மழமழன்னு இல்ல? இதுக்கு வளையமே கிடையாது. முதமுதல்ல வந்த டின்னோட மூடி இது. நகத்தை விட்டுத் தூக்கித்தான் கிழிக்கணும். எங்கப்பா கட்டைவிரல் கிழிஞ்சு நாலு தையல் போட்டாரு, ஈஸ்டர் அன்னிக்கு. ஊர்ல பாதிப்பேருக்கு விரல் கிழிஞ்சப்பறம்தான் வளையம் வச்சாங்க. அறுபத்து மூணு, இல்ல அறுபத்து நாலு. இத்தனை வருஷத்துல இதை நான் ரெண்டோ மூணோதான் எடுத்திருக்கேன். போன வாரம் விழுந்ததாம்!"

 மார்லிஸ் பேசத் தொடங்கியதும் ரோண்டா திருகிவிட்ட கோழிக் கடிகாரம் டிக் டிக் என்றது. அவள் அதை நிறுத்த மறந்திருந்தாள்.

லோவெல் உறையை மெதுவாகக் கீழே வைத்தார்.

"அறுபத்து நாலுன்னா..."

"ஐம்பதுக்கு மேல" என்றான் கர்ட். அவன் குரலில் வெற்றி இல்லை. எங்களைப்போலவே அவனும் அவளை வாய் திறந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

"நீ தொட்டியில போட்டியா, மார்லிஸ்?" என்றார் லோவெல். இல்லை என்று சொல்லேன் என்பதுபோல் கேட்டார்.

"போட்டேன். கார்டி பேசிட்டே இருந்தான், நான் பாக்கவே இல்ல. பாத்திருந்தா போட்டிருப்பேனா? எவ்வளவு நல்ல துண்டு."

வாரிய உறுப்பினர்கள் ரத்துக்குக் கையைத் தூக்கினார்கள். பெர்னிஸ் கடைசியாக, தலையைக் குனிந்துகொண்டு. அட்டை ரத்து. மறுபடி கிடையாது. மார்லிஸ் கழுத்திலிருந்து மஞ்சள் அட்டையைக் கழற்றி மேசையில் வைத்தாள். உறையைப் பார்த்தாள்.

"அது நகரத்தோடது. எனக்கு ரசீது வேணும்" என்றாள்.

ரோண்டா அழுதுகொண்டே எழுதினாள். உடனே ஐந்தாவது விஷயத்தை எடுத்தார்கள். விவாதம் இல்லாமல் நிறைவேறியது. ஐம்பது வருட விதி இனி இல்லை. நாங்கள் எல்லோரும் விடுதலை. அன்று மதுக்கூடத்தில் யாரும் அதிகம் சாப்பிடவில்லை. பிராந்தி மட்டும் நிறைய ஓடியது.

கார்டி ஒரு வாரம் குற்றவுணர்ச்சியோடு திரிந்தான்; அதாவது ஒரு வாரம் அதைப் பற்றியே பேசினான். முடிதிருத்துபவனிடம், பெட்ரோல் நிலையத்தில், தேவாலயப் படியில். பிறகு ஒரு யோசனையோடு வந்தான். தன் பெயரில் அட்டை வாங்குவது. கருவி அவன் கையில், சொல்வது அவள்.

"அப்ப நீயும் கூட வருவே" என்றாள் மார்லிஸ்.

"வரணும்ல? அட்டை என் பேர்ல இருக்கே."

"வேண்டாம், கார்டி."

அக்டோபரில் ஒரு காலை. நானும் இரண்டு பேரும் பூங்காவில் கருவி வீசிக்கொண்டிருந்தோம். மார்லிஸ் வந்தாள். கையில் கருவி இல்லை. தலையில் ஹெட்ஃபோன் இருந்தது. கம்பி கோட்டுப் பைக்குள் போயிருந்தது. இலைகள்மேல் மெதுவாக நடந்தாள், இடமும் வலமும் பார்க்காமல். நாய் கூட்டிக்கொண்டு வந்த ஒருத்தி பேச வாய் எடுத்து, ஹெட்ஃபோனைப் பார்த்துவிட்டு விலகிப் போனாள்.

கர்ட் வண்டியிலிருந்து இறங்கி வந்தான். பின்னாலிருந்து தொடவில்லை. முன்னால் போய், தள்ளி நின்று, கையைத் தூக்கினான். அவள் பார்த்தாள். ஒரு காதை மட்டும் திறந்தாள்.

"மெஷின் எங்க?"

"வீட்டுல."

"அப்ப இது எதுக்கு?"

அவள் பையிலிருந்து கம்பியின் நுனியை எடுத்துக் காட்டினாள். எதிலும் சொருகாத நுனி. கர்ட் அதைக் கையில் வாங்கிப் பார்த்தான். விதிகளில் இதற்கு ஏதாவது இருக்கிறதா என்று அவன் யோசிப்பது தூரத்திலிருந்தே தெரிந்தது.

"இதுல எதுவும் காதுல விழாது" என்றான்.

"ஆமா."

"அப்பறம்?"

"கர்ட், நீ கல்யாணம் பண்ணிக்கிட்டியா?"

"இல்ல."

"அப்ப போ."

அவள் காதை மூடிக்கொண்டு ஆற்றோரமாக நடந்துவிட்டாள்.  கர்ட் வண்டிக்குத் திரும்பினான். வண்டியின் முன்பக்கத்தில் சாய்ந்துகொண்டு கார்டி தெர்மாஸைத் திறந்துகொண்டிருந்தான். மனைவி எங்கே போகிறாள் என்று இப்போது அவனுக்குத் தெரியும். ஆனால் அவள் ஆற்றுப் பக்கம் போயிருந்தாள். கர்ட் பக்கத்தில் இருந்தான்.

"கர்ட்! உன்னைத்தான் தேடினேன். டுவைட் விஷயம் முழுசா சொல்லவே இல்லையே. அந்தக் கோழி கூவிடுச்சு."

கர்ட் சாவியைக் கையில் எடுத்தான். கார்டி கதவின்மேல் முழங்கையை வைத்திருந்தான். மதியம் நாங்கள் கிளம்பும்போதும் சாவி கர்ட்டின் கையிலேயே இருந்தது. டுவைட்டின் இரண்டாவது மனைவிவரை வந்திருந்தார்கள்.